வீட்டில் கட்டிய ஆடியோ கம்ப்ரசரில் ஹம், இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்ரசரை, அதாவது பாட்டில் சத்தம் எகிறும் இடங்களைத் தானாகக் குறைக்கும் கருவியை, கட்டி முடித்து முதல் தடவை சுவிட்சைப் போட்டதும், பாட்டு வருவதற்கு முன்பே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். சொந்தமாகக் கட்டியவர்களில் பெரும்பாலோர் இதைத் தாண்டி வந்தவர்கள்தான். என்னுடைய முதல் கருவி இரண்டு வாரம் அப்படித்தான் முனகிக்கொண்டிருந்தது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் விசிஏ சிப்பை வைத்துக் கட்டிய இரண்டு சேனல் கம்ப்ரசரை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். அதில் தேட் 2181 சிப் இரண்டு, என்இ5532 ஓப்-ஆம்ப்கள் (ஒலியைப் பெருக்கும் சிப்கள்), பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளை, எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுகள் (மைக் வயரில் இருக்கும் மூன்று பின் வகை), ஓர் இரும்புப் பெட்டி. ஃபெட் வகை, ஒளி வகை, வால்வு வகை கட்டுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் இதுவே பொருந்தும். வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஹம், பஸ், உஸ் எல்லாம் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

ஒன்றில்லை. இதைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் எங்காவது ஒரு வயரில் ஏறினாலோ, இரண்டு கருவிகளின் எர்த் வழியாக மின்னோட்டம் சுற்றினாலோ பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் கேட்கும். அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற மழமழப்பான முனகல் அது. பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், சப்ளையிலிருந்து கசிவது 100 ஹெர்ட்ஸ். அதோடு 200, 300 என்று மேல் அலைகளும் சேர்ந்து வரும், அதனால் அது முனகலாக இல்லாமல் வண்டு மாதிரி 'ஜ்ஜ்ஜ்' என்று உரசும். 'உஸ்' என்ற காற்றுச் சத்தம் ரெசிஸ்டர், ஓப்-ஆம்ப், விசிஏ ஆகியவற்றின் சொந்த இரைச்சல். அதற்கும் மின்சார அலைக்கும் சம்பந்தமில்லை.

கீபோர்டு இருந்தால் ஒரு வழி இருக்கிறது. கீழ் ஸ்தாயியில் 49 ஹெர்ட்ஸில் ஒரு 'ஜி' இருக்கிறது, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 98 ஹெர்ட்ஸில் இன்னொரு 'ஜி'. உங்கள் ஹம் எதோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். இதை ஹெட்ஃபோனில்தான் செய்ய வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது, மேல் அலைகள் மட்டும் கேட்டு உங்களை ஏமாற்றும்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சால்டரிங் அயர்னை எடுக்காமல் தொடங்குங்கள். முதலில் இன்புட்டில் இருக்கும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, ஒரு காலி எக்ஸ்எல்ஆர் பிளக்கில் 2, 3 பின்களை ஒன்றாகச் சேர்த்து அதைச் செருகுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு கம்ப்ரசருக்கு வெளியே, வயரிலோ அதற்கு முந்தைய கருவியிலோ இருக்கிறது. போகவில்லை என்றால் உள்ளே.

அடுத்து மேக்-அப் கெயின் குமிழை, அதாவது கம்ப்ரசர் குறைத்த அளவை ஈடுகட்டக் கூட்டும் குமிழை, திருப்புங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால் அது விசிஏவுக்கு முன்னாலோ விசிஏவிலேயோ நுழைகிறது. கெயினை எப்படித் திருப்பினாலும் அப்படியே இருந்தால் விசிஏவுக்குப் பின்னால், அவுட்புட் பகுதியிலோ அவுட்புட் கிரவுண்டிலோ நுழைகிறது. பைபாஸ் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். ரிலே மூலம் இன்புட்டை நேராக அவுட்புட்டுக்கு இணைக்கும் பைபாஸாக இருந்து, அதிலும் ஹம் வந்தால் சர்க்யூட் நிரபராதி.

கடைசியாக, கருவியை ஓடவிட்டுக்கொண்டே பவர் சுவிட்சை அணையுங்கள். சப்ளை கெப்பாசிட்டர்களில் மிச்சம் இருக்கும் மின்சாரத்தில் கருவி ஒன்றிரண்டு விநாடி ஓடும். அணைத்த அந்தக் கணமே ஹம் நின்று, உஸ் மட்டும் தொடர்ந்தால், காரணம் டிரான்ஸ்பார்மரின் புலம் அல்லது ரெக்டிஃபையரின் மின்னோட்டம். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் என் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

100 ஹெர்ட்ஸ் 'ஜ்ஜ்' வருகிறது. ரெகுலேட்டர் இருக்கிறதே, மல்டிமீட்டரில் 15 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே?

உங்கள் டிரான்ஸ்பார்மர் 12-0-12 (நடு வயருக்கு இரு பக்கமும் 12 வோல்ட்) தானே? நான் பார்த்த கருவிகளில் அடிக்கடி வரும் தவறு இதுதான். கடையில் கைக்கு எளிதாகக் கிடைப்பது 12-0-12. அதை வாங்கி 7815, 7915 ரெகுலேட்டர்களோடு இணைத்துவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட். டயோடில் 0.8 போனால் 16.2. 7815 ஒழுங்காக வேலை செய்ய அவுட்புட்டை விட 2 வோல்ட் அதிகம், அதாவது 17 வோல்ட் உள்ளே வர வேண்டும். உச்சத்திலேயே அது எட்டவில்லை, பள்ளத்தில் எப்படி எட்டும்? சின்ன டிரான்ஸ்பார்மர்கள் லோடு குறைவாக இருக்கும்போது சொன்னதை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் என்பதால் வேலை செய்வது போலத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் ரெகுலேட்டர் கைவிட்டுவிட, 15 வோல்ட் லைனில் விநாடிக்கு 100 குழிகள் விழும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி. 14.9 என்று காட்டிவிட்டுப் போய்விடும். மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட் என்பதால் அந்தப் பக்கமும் உதவி இல்லை.

அதனால் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் டிசியை அளவெடுங்கள். பெட்டி முழு வேலையில் இருக்கும்போது அங்கே 19 வோல்ட்டாவது இருக்க வேண்டும். 15-0-15 போட்டால் 230 வோல்ட்டில் இது கிடைத்துவிடும். உங்கள் ஊரில் சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்குமா? அப்படியானால் 15-0-15 டிரான்ஸ்பார்மரும் 11.7 வோல்ட்தான் கொடுக்கும், 12-0-12 கதைக்கே திரும்பிவிடுவீர்கள். பகலில் சுத்தமாக இருந்து, ஏழு மணிக்கு மேல் உரசத் தொடங்கும் கருவிக்குப் பேய் பிடிக்கவில்லை, வோல்டேஜ்தான் இறங்கியிருக்கிறது. அங்கே 18-0-18 போடுங்கள். 180 வோல்ட்டிலும் பள்ளத்தில் 18 வோல்ட் மிஞ்சும். வோல்டேஜ் ஏறும் நேரத்தில் ரெகுலேட்டர் சூடாகும் என்பதால் நல்ல ஹீட் சிங்க்கும், ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு 50 வோல்ட் ரேட்டிங்கும் வேண்டும்.

ஃபில்டர் கெப்பாசிட்டரை 10,000 மைக்ரோ ஃபாரட் ஆக்கிவிட்டால் ஹம் போய்விடாதா?

குறையலாம், கூடவும் கூடலாம். 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் அலைச்சல் (டிசி ஏறி இறங்கும் அளவு) 1 வோல்ட். 2200 போட்டால் அரை வோல்ட்டுக்கும் கீழே. ரெகுலேட்டர் இருக்கும் சப்ளைக்கு இது தாராளம். அதற்கு மேல் பெரிதாக்கினால், டயோடு திறந்திருக்கும் நேரம் குறுகிவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் மின்னோட்டம் ஊசி மாதிரி பாயும், சராசரியை விடப் பல மடங்கு. அந்த ஊசி பாயும் வயரில் உங்கள் ஆடியோ கிரவுண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் 'ஜ்ஜ்' கூடத்தான் செய்யும். கெப்பாசிட்டரைப் பெரிதாக்குவதற்கு முன் வயரைச் சரியாக ஓட்டுங்கள்.

எல்எம்317 வகை ரெகுலேட்டர் என்றால், அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் அலைச்சலைத் தடுக்கும் திறன் 65 டெசிபலிலிருந்து 80 டெசிபலுக்கு ஏறும். இரண்டு ரூபாய் வேலை.

எல்லாரும் ஸ்டார் கிரவுண்ட் என்கிறார்கள். நானும் எல்லாக் கறுப்பு வயரையும் ஒரே போல்ட்டில் முறுக்கினேன். இன்னும் ஹம் இருக்கிறதே?

எல்லாவற்றையும் ஓர் இடத்தில் கட்டுவது ஸ்டார் இல்லை. எந்த மின்னோட்டம் எந்த வயரில் போகிறது என்று பார்த்துக் கட்டுவதுதான் ஸ்டார். வயர் என்றால் பூஜ்யம் ஓம் என்று நாம் மனதில் வரைந்துகொள்கிறோம். நிஜத்தில் ஒரு ஜாண் வயருக்கும் சில மில்லி ஓம் இருக்கும். அதில் 1 ஆம்பியர் ஊசி பாய்ந்தால் சில மில்லிவோல்ட் எழும். கம்ப்ரசருக்கு அது மலை.

டிரான்ஸ்பார்மரின் நடு வயர், அதாவது 15-0-15இல் அந்தப் பூஜ்யம், நேராக இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் புள்ளிக்குப் போக வேண்டும். ஊசி மின்னோட்டம் டிரான்ஸ்பார்மர், டயோடு, கெப்பாசிட்டர் என்ற அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே, கெப்பாசிட்டர்களின் மறுகோடியிலிருந்து ஒரே ஒரு வயர் ஸ்டார் புள்ளிக்கு வர வேண்டும். ரெகுலேட்டர்களின் கிரவுண்ட், ஆடியோ போர்டு, சைடு-செயின் போர்டு (ஒலியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி), மீட்டர் எல்லாம் அங்கிருந்து தனித்தனி வயரில் பிரியட்டும். நீங்கள் செய்தது போல நடு வயரையும் அதே போல்ட்டில் போட்டால், கெப்பாசிட்டருக்கும் போல்ட்டுக்கும் இடையிலுள்ள வயரில் ஊசி ஓடும், எல்லாக் கிரவுண்டும் சேர்ந்து அதோடு ஆடும்.

எல்இடி மீட்டரைத் தனி வயரில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்எம்3915 போட்ட பத்து எல்இடி மீட்டரில் ஒவ்வொரு எல்இடிக்கும் 10 மில்லி ஆம்பியர் என்றால், பாட்டுக்கு ஏற்ப 100 மில்லி ஆம்பியர் ஏறி இறங்கும். அது ஆடியோ கிரவுண்டில் சேர்ந்தால் ஹம் வராது, ஆனால் தாளத்தோடு சேர்ந்து 'டிக் டிக்' என்று வரும். தேடுகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

டிரான்ஸ்பார்மரை எங்கே வைப்பது?

இன்புட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில். முடிந்தால் டொராய்டு, அதாவது வளைய வடிவ டிரான்ஸ்பார்மர், போடுங்கள். சாதாரண ஈ-ஐ டிரான்ஸ்பார்மரை விட அது வெளியே சிந்தும் காந்தப்புலம் குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. வயர்கள் வெளியே வரும் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே சிந்தும்.

என் இரண்டு வாரக் கதைக்கு வருகிறேன். ஓப்-ஆம்ப் மாற்றினேன், கெப்பாசிட்டர் மாற்றினேன், இன்புட் வயரை மூன்று தடவை மாற்றினேன். 50 ஹெர்ட்ஸ் அசையவில்லை. சலித்துப்போய் டொராய்டின் போல்ட்டைத் தளர்த்தி, மேசைமேல் வைத்துச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கோணத்தில் ஹம் பாதியானது, இன்னும் கொஞ்சம் திருப்பியதும் கிட்டத்தட்டக் காணாமலே போனது. அன்றிலிருந்து டிரான்ஸ்பார்மரின் ப்ரைமரி வயரை நீளமாக விட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்குகிறேன். ப்ரைமரி இணைப்புகளில் 230 வோல்ட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஸ்லீவ் போட்டு மூடிவிட்டு, ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு (தொடராக இணைத்த குண்டு பல்பு) வழியாகக் கொடுப்பதும் நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். டொராய்டின் நடு போல்ட் மேல் மூடியையும் அடித்தட்டையும் ஒருசேரத் தொடக்கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு சுற்றுக் கம்பியாகிவிடும், அதில் பெரும் மின்னோட்டம் ஓடி டிரான்ஸ்பார்மர் கொதிக்கும். அப்புறம், அலுமினியப் பெட்டி அழகாக இருக்கும், டிரில் போடவும் சுலபம், ஆனால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அது தடுக்காது. இரும்புத் தகடு தடுக்கும். அலுமினியப் பெட்டிதான் வேண்டுமென்றால் டிரான்ஸ்பார்மரைத் தனியாக ஓர் இரும்பு டப்பாவுக்குள் வையுங்கள். சப்ளையை முழுக்க வெளியே வேறு பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. சோம்பேறித்தனம் இல்லை, புத்திசாலித்தனம்.

230 வோல்ட் ஃபேஸ், நியூட்ரல் வயர்களை இறுக்கமாக முறுக்கிப் பெட்டியின் ஓரமாக ஓட்டுங்கள். பவர் சுவிட்சை முன்பக்கம் வைத்தால் அந்த வயர் ஆடியோ போர்டைக் கடந்துதான் வர வேண்டும். நான் சுவிட்சைப் பின்பக்கமே வைத்துவிடுவேன்.

பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் கழன்று பெட்டியைத் தொட்டால், ஃப்யூஸைப் போக்கி உங்களைக் காப்பாற்றுவது அந்த எர்த்தான். எர்த் இல்லாத பெட்டியைத் தொடும் கை, மைக்கைப் பிடித்திருக்கும் பாடகருடையதாகவும் இருக்கலாம். மெயின்ஸ் எர்த் வயர், பெயிண்டைச் சுரண்டிய இரும்பில், அதற்கென்றே உள்ள போல்ட்டில் நேராக முறுக்கப்பட வேண்டும். அந்த போல்ட்டில் வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

ஆனால் எர்த்தை எடுத்ததும் ஹம் போவது ஒரு நல்ல தடயம். உங்களுக்கு கிரவுண்ட் லூப் இருக்கிறது. கம்ப்ரசரும் மிக்சரும் பிளக் வழியாகவும் எர்த்தில் சேர்கின்றன, ஆடியோ வயரின் ஷீல்டு வழியாகவும் சேர்கின்றன. அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருகினாலே பாதி குறைந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள்.

சுற்றும் மின்னோட்டம் தானாகச் சத்தம் போடாது. அது உங்கள் ஆடியோ போர்டு வழியாகப் பாயும்போதுதான் சத்தம். எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் 1ஆம் பின்னை நிறையப் பேர் போர்டின் கிரவுண்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதனால் ஷீல்டில் வரும் குப்பையெல்லாம் போர்டில் நடந்து பெட்டிக்குப் போகிறது. ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதற்குப் 'பின் 1 பிரச்சினை' என்ற பெயர் பரவலானது. தீர்வு ரொம்ப எளிது. 1ஆம் பின்னிலிருந்து ஓர் அங்குலம்கூட நீளாத வயரில் சாக்கெட்டுக்கு அருகிலேயே பெட்டியின் இரும்பில் இணையுங்கள். போர்டின் கிரவுண்ட் வேறோர் இடத்தில் ஒரே ஒரு தடவை பெட்டியைத் தொடட்டும்.

சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியோடு 150 ஓம், 2 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, ஒரு முனையை 1ஆம் பின்னிலும் மறுமுனையைப் பெட்டியிலும் தொடுங்கள். 80 மில்லி ஆம்பியர் பாயும். ஹெட்ஃபோனில் எதுவும் மாறவில்லை என்றால் வயரிங் சரி.

என் லேப்டாப்பிலிருந்து கொடுக்கும்போது மட்டும் சத்தம் வருகிறதே?

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் இதுவும் கிரவுண்ட் லூப்தான், சார்ஜர் வழியாக. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் சாக்கெட் பேலன்ஸ்டு (ஒலியை இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசமாக அனுப்பும் முறை) இல்லை. இரண்டு கோர் ஷீல்டு வயர் எடுத்து, ஒரு கோரை 2ஆம் பின்னுக்கும், இன்னொரு கோரை 3ஆம் பின்னிலிருந்து லேப்டாப் பக்க பிளக்கின் ஸ்லீவுக்கும் கொண்டுபோங்கள். இப்படிச் செய்தால் கம்ப்ரசரின் பேலன்ஸ்டு இன்புட் இரண்டு கிரவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிடும். 3ஆம் பின்னையும் 1ஆம் பின்னையும் கம்ப்ரசர் பக்கத்திலேயே சேர்த்துவிட்டால் இந்த நன்மை போய்விடும். அப்போதும் போகவில்லை என்றால் 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்று போடுங்கள்.

சும்மா இருக்கும்போது அமைதி. பாட்டு வந்து கம்ப்ரஷன் தொடங்கினால் மட்டும் ஒரு கரகரப்பு. இது என்ன?

இது கம்ப்ரசருக்கே உரிய நோய். ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பழகியவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆடியோ செல்லும் பாதையை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் ஹம் அங்கே இல்லை. விசிஏவுக்கு 'இவ்வளவு குறை' என்று சொல்லும் கன்ட்ரோல் வோல்டேஜில் இருக்கிறது. பாட்டு இல்லாதபோது பெருக்கவோ குறைக்கவோ எதுவும் இல்லை, அதனால் கேட்காது. பாட்டு வந்ததும் அதன் அளவு விநாடிக்கு 50 தடவையோ 100 தடவையோ நடுங்கும்.

தேட் 2181இன் கன்ட்ரோல் காலுக்கு 6.1 மில்லிவோல்ட்டுக்கு 1 டெசிபல் என்பது கணக்கு. அப்படியானால் 0.6 மில்லிவோல்ட் ஹம் அங்கே ஏறினால் 0.1 டெசிபல் நடுக்கம். 0.1 டெசிபல்தானே என்று தோன்றும். 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை விட்டு ஸ்பெக்ட்ரத்தில் பாருங்கள். அதன் இரு பக்கமும் 950இலும் 1050இலும், மூல அலையை விட வெறும் 45 டெசிபல் கீழே இரண்டு முளைகள் நிற்கும். வீணை, புல்லாங்குழல் போன்ற நீண்ட ஒற்றைச் சுரத்தில் அது அப்பட்டமாகக் கேட்கும். டிரம்ஸில் கேட்காது. அதனால்தான் 'சில பாட்டில் மட்டும் வருகிறது' என்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? கன்ட்ரோல் வோல்டேஜை முன்பக்கக் குமிழ்களிலிருந்து கொண்டுவரும்போது பெரிய அளவிலேயே, அதாவது ஒரு டெசிபலுக்கு 100 மில்லிவோல்ட் மாதிரி வைத்துக் கொண்டுவாருங்கள். அதைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்களையும் விசிஏ சிப்பின் காலுக்குப் பக்கத்திலேயே, சின்ன மதிப்பில் வையுங்கள். வழியில் ஏறிய ஹம்மும் சேர்ந்து பதினாறில் ஒரு பங்காகிவிடும். சைடு-செயின் போர்டின் கிரவுண்டும் விசிஏவின் கிரவுண்டும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நேராகக் கெயினாக மாறிவிடும். வியூ மீட்டரின் விளக்கு ஏசியில் எரிகிறதா என்றும் பாருங்கள். அந்த வயர் கன்ட்ரோல் வயருக்குப் பக்கத்திலேயே போவது வழக்கம். எல்இடியாக மாற்றி டிசியில் எரிய விடுங்கள்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். அட்டாக் (குறைக்கத் தொடங்கும் வேகம்), ரிலீஸ் (குறைத்ததை விடும் வேகம்) இரண்டையும் மிக வேகத்தில் வைத்து பேஸ் கிட்டாரை விட்டால், கம்ப்ரசர் அலையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் துரத்தும். அதுவும் கரகரக்கும். அது ஹம் இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் அது செய்கிறது. ரிலீஸை நீட்டினால் போய்விடும்.

பாடகர் நிறுத்தியதும் 'உஸ்' என்று மேலே எழுகிறது. எந்த சிப்பை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். பாடும்போது கம்ப்ரசர் 10 டெசிபல் குறைக்கிறது, நீங்கள் மேக்-அப் கெயினில் 10 டெசிபல் ஏற்றுகிறீர்கள். பாட்டு நின்றதும் குறைப்பது நின்றுவிடும், ஏற்றியது மட்டும் மிஞ்சும். மைக்கின் உஸ், அறையின் ஃபேன் சத்தம், மைக் ஆம்ப்பின் இரைச்சல் எல்லாம் 10 டெசிபல் மேலே வரும். லட்சம் ரூபாய் கம்ப்ரசரிலும் இதுவே நடக்கும். ஃபேனை நிறுத்துங்கள், கம்ப்ரசருக்கு முன்னால் ஒலியைச் சுத்தமாக எடுங்கள், குறைக்கும் அளவைக் குறையுங்கள்.

அப்படியென்றால் நல்ல ஓப்-ஆம்ப் போடுவதில் பயனே இல்லையா?

உண்டு, இடம் பார்த்துப் போட்டால். டிஎல்072 இருக்கும் இடத்தில் என்இ5532 போட்டால் தரவுத்தாள் கணக்கில் இரைச்சல் 18 நானோவோல்ட்டிலிருந்து 5க்கு இறங்கும். ஆனால் அதைச் சுற்றி 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால் ஒரு மாற்றமும் கேட்காது. அந்த ரெசிஸ்டர் ஒன்றே 40 நானோவோல்ட் இரைச்சல் தரும். ரெசிஸ்டரைக் குறைக்காமல் ஓப்-ஆம்ப்பை மட்டும் மாற்றுவது, ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு கட்டுவது மாதிரி. ஆடியோ பாதையில் 10 கிலோ ஓம், முடிந்தால் அதற்கும் கீழே, எல்லாம் மெட்டல் ஃபிலிம்.

ஒவ்வொரு ஓப்-ஆம்ப்பின் சப்ளைக் காலுக்கு ஒட்டியே 100 நானோ ஃபாரட் போடுங்கள். அவுட்புட்டில் 47 ஓம் தொடராக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீண்ட வயரை இணைத்ததும் ஓப்-ஆம்ப் காதுக்குக் கேட்காத வேகத்தில் ஆடத் தொடங்கும், நமக்கு அது விளங்காத ஓர் உஸ்ஸாக வந்து சேரும். சிப் தொட முடியாத சூட்டில் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

நான் கட்டுவது 1176 மாதிரி ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கம்ப்ரசர். அதற்கு ஏதாவது தனியாக உண்டா?

அமெரிக்க ஒலிப் பொறியாளர் பில் புட்னம் 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்த வடிவம் அது. ஃபெட்டை வோல்டேஜால் மாறும் ரெசிஸ்டராக அதில் பயன்படுத்தினார். ஃபெட் அப்படி ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டுமானால் அதன் மேல் விழும் ஒலி மிகச் சின்னதாக இருக்க வேண்டும், சில பத்து மில்லிவோல்ட். அப்புறம் அதை எடுத்துப் பெரிதாகப் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கத்தில் இரைச்சலும் பெருகும். பின்னால் வந்த 1176எல்என் என்ற பெயரில் உள்ள 'எல்என்', குறைந்த இரைச்சல் என்பதன் சுருக்கம்தான். அவர்களுக்கே இது தலைவலியாக இருந்திருக்கிறது.

அதனால் உங்கள் பெட்டியில் ஃபெட்டும் அதற்கு அடுத்த டிரான்சிஸ்டரும் இருக்கும் இரண்டு அங்குலம்தான் உயிர்நிலை. டிரான்ஸ்பார்மர் அங்கிருந்து தூரமாக இருக்கட்டும். இன்புட் குமிழிலிருந்து போர்டுக்கு வரும் வயருக்கு ஷீல்டு கட்டாயம், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணையுங்கள். ஃபெட்டின் கேட்டுக்குப் போகும் பயஸ் வோல்டேஜ் சுத்தமாக இல்லையென்றால், மேலே சொன்ன நடுக்கம் இங்கும் வரும்.

எல்ஏ-2ஏ மாதிரி ஒளி கம்ப்ரசர்?

ஜிம் லாரன்ஸின் அந்த வடிவத்தில் ஒளிரும் தகடு ஒன்றும் ஒளிக்கு மாறும் ரெசிஸ்டரும் (எல்டிஆர்) ஒரு மூடிய குப்பிக்குள் இருக்கும். நீங்களே எல்இடியையும் எல்டிஆரையும் குழாயில் வைத்துச் செய்திருந்தால், முதலில் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். குழாயில் ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் அது உள்ளே போய் 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். சப்ளையைக் குறை சொல்லி நாள் போக்கியவர்கள் உண்டு. வெளிர் நிற ஹீட் ஷ்ரிங்க் ஒளியை விடும். கறுப்பை இரண்டு சுற்றுப் போட்டு முனைகளை அடைத்துவிடுங்கள்.

வால்வு என்றால் 6.3 வோல்ட் ஃபிலமென்ட் வயரை நெருக்கமாக முறுக்கிப் பெட்டியின் மூலையை ஒட்டி ஓட்டுங்கள். நடு டேப் இல்லாத சுருளாக இருந்தால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து நடுப்புள்ளியைக் கிரவுண்ட் செய்யுங்கள். அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும். கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டே கையை உள்ளே விடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சத்தம் பயங்கரமாக இருக்கிறது.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதன் கூர்மையான ஓரங்கள் டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுருள்களுக்கு நடுவே தாவிவிடும். அதை வைத்து ரெக்கார்டிங் செய்யாதீர்கள், சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். சுழற்றிச் சுழற்றி வேகம் மாற்றும் டிரையாக் ஃபேன் ரெகுலேட்டரும் இதே ரகம். படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் தொந்தரவு தராது.

குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறதே?

குமிழின் வழியாக டிசி போகிறது. முன்னால் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது) விட்டுப்போயிருக்கும், அல்லது அது கசிகிறது.

எவ்வளவு அமைதியானால் போதும்? எப்படி அளப்பது?

ஸ்டுடியோ அளவான பிளஸ் 4 டிபியூவில், அதாவது 1.23 வோல்ட்டில், ஒரு 1000 ஹெர்ட்ஸ் அலையை விட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். பிறகு எதையும் தொடாமல் இன்புட்டில் அந்த 2-3 சேர்த்த பிளக்கைச் செருகி இன்னொரு ரெக்கார்டிங். ஆடாசிட்டி மென்பொருளில் இரண்டையும் ஸ்பெக்ட்ரம் வரைந்து பாருங்கள், அளவு 16384 அல்லது அதற்கு மேல். 50, 100, 150 ஹெர்ட்ஸ் முளைகள் அலையை விட எத்தனை டெசிபல் கீழே என்பது தெரிந்துவிடும். கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு சவுண்ட் கார்டை மட்டும் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் இரைச்சலைக் கம்ப்ரசர் தலையில் கட்டக் கூடாது. யூனிட்டி கெயினில் (உள்ளே வரும் அளவே வெளியே போகும் நிலையில்) ஹம் 90 டெசிபல் கீழே போய்விட்டால் நான் மூடியைப் போட்டுவிடுவேன். 70இல் இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

மூடியைப் போட்டேன். ஹம் திரும்பி வந்துவிட்டது!

திருகாணி இருக்கும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டினீர்களா? பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. மூடி எர்த்தோடு சேராமல் மேலே அந்தரத்தில் ஓர் ஆன்டெனா மாதிரி நிற்கிறது. நான்கு ஓட்டைகளைச் சுற்றியும் சுரண்டிவிட்டு, பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். மீட்டரில் மூடிக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஓர் ஓம்முக்குக் கீழே காட்ட வேண்டும். அப்படியும் இருந்தால், மூடி டொராய்டின் தலைக்கு மிக நெருக்கமாக இருந்து அதன் புலத்தை இன்புட் பக்கம் கடத்துகிறது. டிரான்ஸ்பார்மரை மறுபடி கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும், இந்தத் தடவை மூடியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.